பழைய லொறியும் பழுதுற்ற கணினியும்

ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் போர்ட் நிறுவனத்தாரின் எப்-150 என்னும் சிறு லொறியைக் காணாத ஊர் அரிது. அந்நிறுவனத்தின் எப் வரிசை வண்டிகளே 1977ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் வண்டிகளாக விளங்கி வருகின்றன. வைக்கோற் கட்டும், வேலிக் கம்பியும், நோயுற்ற கன்றும் அதன் முதுகில் ஏறிச் செல்லும். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் வாங்கப்பட்டவற்றுட் பல இன்றும் உழைக்கின்றன. அவற்றுட் பலவற்றிலுள்ள ஆறு சிலிண்டர் 4.9 லீற்றர் எஞ்சின், 1965 முதல் 1996 வரை அந்த லொறிகளுக்கென வார்க்கப்பட்டது. எளிதில் தேயாதது என்று பெயர் பெற்றது.

இத்தகைய வண்டியொன்றை நம்பிப் பிழைக்கும் விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒரு நாட் காலை அவர் திறப்பைத் திருப்புகின்றார். எஞ்சின் சுற்றுகின்றது, பற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் ஒன்றும் நடவாதது போலப் புறப்படுகின்றது. மூன்றாம் நாள் நடுவீதியில் நின்றுவிடுகின்றது. கராஜுக்கு இழுத்துச் சென்றால், "கணினி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற விடை கிடைக்கின்றது. அதற்குச் சில நூறு டொலர் வேண்டும். வண்டியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான் என்றால், அவர் வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடவும் கூடும். கராஜ்காரரின் சொல் உண்மையாயின் வேறு வழியில்லை. பொய்யாயின், நல்ல வண்டி ஒன்று வீணே மாண்டதாகும்.

லொறிக்குக் கணினி ஏன் வந்தது? முன்னாளில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் வேலையைக் காபரேற்றர் என்னும் கருவி செய்துவந்தது. 1970இல் அமெரிக்கப் பாராளுமன்றம் காற்றுத் தூய்மைச் சட்டத்தை நிறைவேற்றி, புதிய மோட்டார் வண்டிகள் கக்கும் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் ஆகியவற்றை 1975ஆம் ஆண்டு வண்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டுமென விதித்தது. காலக்கெடு பின்னர் நீட்டப்பட்டதாயினும், சட்டத்தின் பிடி தளரவில்லை. புகைக்குழாயில் ஊக்கி அறை பொருத்தப்பட்டது. அந்த ஊக்கி செவ்வனே தொழிற்பட வேண்டுமாயின், நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 14.7 பங்கு என்ற அளவினின்றும் கலவை பெரிதும் விலகலாகாது. குளிரிலும் வெயிலிலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் இவ்வளவு நுட்பத்தைப் பேணக் காபரேற்றரால் இயலவில்லை. போர்ட் நிறுவனத்தார் இன்ரெல் நிறுவனத்தாருடன் சேர்ந்து 8061 என்னும் நுண்செயலியை ஆக்கி, அதனை உள்ளத்தே கொண்ட நான்காந் தலைமுறைக் கணினியை 1980களின் முற்பகுதியில் வண்டிகளிற் பூட்டினர்.

அதுவோ தடித்த புத்தகமொன்றின் அளவான உலோகப் பெட்டி. ஓட்டுநரின் பாதங்களுக்கு முன்னாலுள்ள சுவரில் செருகப்பட்டிருக்கும். அறுபது ஊசிகள் கொண்ட ஒரே இணைப்பியின் வழியாக உலகத்தோடு உறவாடும். நீரின் வெப்பநிலை, பெற்றோல் மிதியின் திறப்பளவு, உள்ளிழுகுழாயின் அமுக்கம், புகையில் எஞ்சிய ஒட்சிசன் ஆகியவற்றை உணரிகள் அதற்கு அறிவிக்கும். எவ்வளவு பெற்றோல் பீச்சுவது, எக்கணத்தில் பொறி தெறிக்கச் செய்வது என்பவற்றை அது தீர்மானிக்கும்.

இப்பெட்டி மூப்பெய்தும் வகை சுவையானது. செயலி பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது கொள்ளளவி என்னும் சிற்றுறுப்பு. அலுமினியச் சிமிழொன்றில் திரவ மின்பகுபொருளை அடைத்து, அடியில் இறப்பர் அடைப்பானால் மூடியிருப்பர். எஞ்சினின் வெப்பத்தில் முப்பது ஆண்டு கிடந்தால் அடைப்பான் இறுகி வெடிக்கின்றது. திரவம் கசிந்து பலகையிலுள்ள செப்புக் கோடுகளை அரிக்கின்றது. பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை வீசினால் ஐயமே வேண்டா என்பர் அனுபவசாலிகள். மின்னோட்டத்தைச் சீராக்கும் வேலையைக் கொள்ளளவி கைவிட்டதும், கணினி சில வேளை சரியாகவும் சில வேளை பிழையாகவும் எண்ணத் தொடங்குகின்றது. நேற்று ஓடிய வண்டி இன்று நிற்பதன் மருமம் இதுவாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொல்லல் வேண்டும். ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனின் கதை நேயர்கள் அறிந்ததே. பழைய வண்டிகளின் விடயத்தில் அப்பாண்டியர் இன்னும் மறையவில்லை. இவ்வண்டிகளில் தீப்பொறியை ஆளும் சிறு கட்டை ஒன்று உண்டு. பல ஆண்டுகளின் வண்டிகளில் அது டிஸ்றிபியூட்டரோடு ஒட்டியே இருக்கும். எஞ்சின் சூடேறியதும் செத்து, அரைமணி நேரம் ஆறியதும் உயிர்த்தெழுவது அதன் குணம். அதன் குற்றத்துக்காகக் கணினியைத் தூக்கிலிட்டவர் பலர். இறந்த றிலே, துருவேறிய நிலத்தொடுப்பு, நலிந்த பற்றறி ஆகியனவும் இதே நாடகத்தை ஆடவல்லன.

ஆகவே முதலில் செலவில்லாத சோதனைகள். திறப்பை எஞ்சினைச் சுழற்றாத அளவிற்கு மட்டும் திருப்புக. எச்சரிக்கை விளக்கு எரிகின்றதா? பெற்றோல் தாங்கியில் பம்பி ஓரிரு விநாடி இரைந்து அடங்குகின்றதா? இரண்டும் நிகழ்ந்தால் கணினி விழித்திருக்கின்றது. இரண்டும் இல்லையாயின் கணினிக்கு மின் வருகின்றதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும். மின் வராத கணினியைப் பழிப்பது உணவு கொடாத மாட்டை அடிப்பதற்கு ஒப்பாகும். அடுத்தது ஐந்து வோல்ற்றுச் சோதனை. உணரிகளுக்கெனக் கணினி ஐந்து வோல்ற்று மின்னழுத்தத்தை வழங்குகின்றது. பன்மானியால் அளந்து, அது இல்லையெனக் கண்டால், உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஓர் உணரியைக் கழற்றியதும் ஐந்து வோல்ற்று மீண்டுவிட்டால், குற்றவாளி அவ்வுணரியே, கணினி மாசற்றது. அந்த உணரியின் விலை கணினியின் விலையில் ஒரு சிறு கூறு.

இக்கணினி தன் நோயைத் தானே சொல்லவும் வல்லது. மூடியின் கீழுள்ள சோதனை இணைப்பியில் ஒரு துண்டுக் கம்பியால் இரு முனைகளை இணைத்துத் திறப்பைத் திருப்பினால், எச்சரிக்கை விளக்கு மினுங்கி எண் சொல்லும். இரு மினுக்கம், சிறிது ஓய்வு, பின்னர் மும்மினுக்கம் என்றால் 23. அது பெற்றோல் மிதியின் உணரியைச் சுட்டும். 11 என்றால் குறையொன்றுமில்லை. 15 என்பது கணினியின் நினைவகத்தையே குறிக்கும். எனினும் பற்றறியைக் கழற்றிப் பூட்டிய பின்னரும் அதே எண் தோன்றுவதுண்டு. பிந்திய வண்டிகளில் மூன்று இலக்கம் வரும். அங்கே நலத்தின் அடையாளம் 111.

இத்தனைக்கும் பின்னர் ஐயம் கணினி மீதே நிலைத்தால், பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, இணைப்பியின் நடுவிலுள்ள ஆணியைத் தளர்த்திப் பெட்டியை வெளியே எடுக்கலாம். ஊசிகளிற் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதனைத் துடைத்துவிட்டு ஒருமுறை முயன்று பார்ப்பது தவறன்று. மூடியைத் திறந்தால் கொள்ளளவிகள் கண்ணுக்குப் புலப்படும். பெரும்பாலும் மூன்று: 47 மைக்கிரோபரட்டு அளவில் இரண்டு, 10 மைக்கிரோபரட்டு அளவில் ஒன்று. அவற்றின் மேல் அச்சிட்ட அளவைப் பார்த்தே புதியன வாங்குதல் வேண்டும்; 105 பாகை வெப்பம் தாங்கும் வகை நன்று. பழைய பற்றாசை உருக்கி நீக்கி, கசிந்த திரவத்தைக் கழுவி, நேர்முனை எதிர்முனை மாறாமற் புதியவற்றைப் பற்றாசிடல் வேண்டும். முனை மாறின் சிமிழ் வெடிக்கும். செலவு சில டொலர். செப்புக்கோடுகள் அரிக்கப்பட்டு அற்றுப்போயிருந்தால் அது தேர்ந்த கையின் வேலை.

வேறு பெட்டி வாங்க நேரின், இக்கணினிகள் புதிதாக ஆக்கப்படாமையால், திருத்தி விற்கப்படுவனவே கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வெளித்தோற்றத்தில் எல்லாப் பெட்டியும் ஒன்றே, இணைப்பியும் ஒன்றே, உள்ளே எழுதப்பட்ட கணக்கு வேறு. கைக்கியர் வண்டிக்கு ஒன்று, தானியங்கிக் கியருக்கு ஒன்று, கலிபோர்ணியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்கு ஒன்று, ஏனைய மாநிலங்களுக்கு ஒன்று. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள துண்டில் சில எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி இருக்கும். அக்குறி பொருந்தாத பெட்டி வண்டியை ஓட்டினாலும் ஓட்டும். ஆனால் கியர் தப்பும், பெற்றோல் வீணாகும், குற்றம் மறுபடியும் வேறெங்கோ தேடப்படும். விற்பவர்கள் பழைய பெட்டியைத் திருப்பிக் கேட்பது வழக்கம். அதற்கென முன்பணமும் பிடிப்பர். வந்த பெட்டி சில நாள் ஓடிக் காட்டும்வரை பழையதை அனுப்பாதிருப்பதே அறிவுடைமை. அதனைக் கொண்டுதான் குறியை ஒப்பிடவும், இறுதியில் அதனையே திருத்திக்கொள்ளவும் இயலும்.

புதிய பெட்டியைப் பூட்டிப் பற்றறியை இணைத்ததும் எஞ்சின் சற்றுத் தடுமாறலாம்; நிற்கையில் வேகம் ஏறி இறங்கலாம். அஞ்ச வேண்டுவதில்லை. அந்த எஞ்சினின் தேய்மானங்களைப் பழைய கணினி ஆண்டுக்கணக்கில் கற்றுத் தன் நினைவில் வைத்திருந்தது. புதியதற்கு அவை தெரியா. சில மைல் தூரம், வீதியிலும் ஏற்றத்திலும் நிதானமாக ஓட்டிவர, அதுவும் கற்றுக்கொள்ளும்.