பொய்ச்சாட்சி சொன்ன கதை

(முன்னாள் மாணவர் கூடுகையின் காலை ஆராதனையில் பேசியது)



"சாட்சி சொல்வது எப்படி?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் மாறிப் போச்சு என்று நினைக்கிறேன். இதே கல்லூரியில் நான் சொன்ன முதல் சாட்சி பொய்ச்சாட்சி.

1978. நான் இரண்டாம் ஆண்டு. விடுதி ஜெபக்குழுவில் சனிக்கிழமை சாயந்தரம் சாட்சி நேரம். எனக்கு முன்னால் ஒரு சீனியர் அண்ணன், தான் குடித்துக் கிடந்ததையும் சாகப் போனதையும் சொல்லி எல்லாரையும் அழ வைத்துவிட்டார். அடுத்தது நான். என்னிடம் என்ன இருக்கு? தாத்தா உபதேசியார். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு பள்ளி, மனப்பாட வசனம், அசனப் பண்டிகைச் சாப்பாடு. இதில் எங்கே திருப்பம்? எழுந்து நின்றதும் வாயில் தானாக வந்தது: பீடி, சீட்டாட்டம், சுவர் ஏறிக் குதித்து செகண்ட் ஷோ, அப்புறம் ஒரு நடு ராத்திரி அழுகை. கை தட்டாத குறைதான்.

என் அறைத்தோழன் கடைசி வரிசையில் இருந்தான். அவன் இந்து. நான் கூப்பிட்டதற்காக வந்திருந்தான். அறைக்குத் திரும்பி விளக்கை அணைக்கிற வரை ஒன்றும் பேசவில்லை. இருட்டில் கேட்டான்: "ஏல, நீ எப்பல பீடி குடிச்ச?"

நான் தூங்கிவிட்டதுபோல் கிடந்தேன். அந்த மாதம் அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு அது தெரியும். எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் அவன் அன்று வந்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. படிப்பு முடிகிற வரை எங்கள் சாமியைப் பற்றி என்னிடம் அவன் கேட்கவே இல்லை.

தம்பிமாரே, பவுல் மனந்திரும்பிய கதை அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று தடவை வருகிறது: 9, 22, 26 ஆம் அதிகாரங்கள். நிகழ்ச்சி ஒன்றுதான். ஆனால் எருசலேமில் யூதக் கூட்டத்துக்கு முன்னால், அவர்கள் பாஷையிலேயே, தான் கமாலியேலிடம் படித்ததையும் அனனியா நியாயப்பிரமாணத்தை மதிக்கிற மனுஷன் என்பதையும் சொல்கிறான். அகிரிப்பா ராஜாவிடம் பேசும்போது அனனியாவின் பேரே வருவதில்லை. கேட்கிறவன் யார் என்று பார்த்து எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டான். இல்லாததைச் சேர்க்கவில்லை. நான் பண்ணினது அந்த இரண்டாவது வேலை.

நம் ஊர்ப் பக்கத்து எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். வைணவக் குடும்பம், கம்பனில் ஊறின தமிழ். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் அவருடைய இரட்சணிய யாத்திரிகம் வந்தபோதும் அந்தக் கம்பன் வாசனை போகவில்லை. வந்த வழியைத் திட்டித்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நம்மில் சிலருக்கு அடுத்தவர் சாமியைக் குறை சொல்லாமல் சாட்சியே வராது. அது எனக்கு அறவே பிடிக்காது.

நம் பாஷையும் ஒரு தொல்லை. "ஆவிக்குரிய ஜீவியம்" என்கிறோம். வெளியே இருக்கிறவருக்கு ஆவி என்றால் ஒன்று பேய், இல்லாவிட்டால் இட்லிப் பானை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. அதற்காக அடுத்தவரை மதம் மாற்றுவது நம் உரிமை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. மாற்றுகிற வேலை நம்முடையது என்று யார் சொன்னது?

சரி, என் உண்மையான சாட்சி என்ன? 1994இல் எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் கோவிலுக்குப் போவேன், வாய் திறக்க மாட்டேன். பாட மாட்டேன், ஜெபிக்க மாட்டேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்தாலே எரிச்சல். எங்கள் சபையில் ஒரு ஆச்சி இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை எனக்கு முன்னால் விரித்து, பாடுகிற வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு போவார்கள். பாடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு வரி பாடினேன். அவ்வளவுதான். ஒளியும் இல்லை, குரலும் இல்லை.

2009இல் என் அறைத்தோழனின் மனைவி இறந்துபோனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு திண்ணையில் கேட்டான்: "பிள்ளை போனப்போ நீ எப்படித் தாங்குன?" ஆச்சியின் விரலைப் பற்றிச் சொன்னேன். நாலு நிமிஷம் ஆகியிருக்காது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இந்த மாதிரி ஒண்ணைக் கேக்கத்தாம்ல அன்னைக்கு வந்தேன்" என்றான்.

"அன்னைக்கு இது நடக்கவே இல்லையேடா."

"உங்க தாத்தா கதை இருந்துச்சில்லா?"

அவன் கிறிஸ்தவன் ஆகவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இதையெல்லாம் சொல்லலாமா என்று நேற்றே அனுமதி கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்: "பீடி விஷயத்தை விட்டுராத."