காலி பிளாட்டை நாள் வாடகைக்கு விட்ட கணக்கு
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சி பிளாக்கில் இருக்கும் எங்கள் இரண்டு படுக்கையறை பிளாட்டை நான் பத்து மாதம் நாள் வாடகைக்கு விட்டது உங்களில் பலருக்குத் தெரியும். சிலருக்கு அது தெரிந்த விதம் அவ்வளவு இனிமையானது இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். இப்போது இன்னும் மூன்று நான்கு பேர் அதேபோல் செய்யலாமா என்று என்னிடம் விசாரிக்கிறீர்கள். அடுத்த பொதுக்குழுவில் இதற்கு விதி கொண்டுவருவது பற்றி ஓட்டெடுப்பும் இருக்கிறது. அதனால் செயலாளர் என் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கொண்டுவந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் போட்ட கணக்கு ரொம்ப சுலபம். மாத வாடகைக்கு விட்டால் 28,000 ரூபாய். நாளுக்கு 3,000 என்று வைத்து மாதம் 20 நாள் ஆள் வந்தால் 60,000. வீட்டைத் தயார் செய்ய இரண்டரை லட்சம் போதும். ஒரே வருஷத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். என் மனைவி அன்றைக்கே, "வருகிறவர்கள் எல்லாம் உங்கள் கணக்குப்படி வருவார்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

செலவு முடிந்தபோது 4,42,000 ஆகியிருந்தது. இரண்டு ஏசி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கீசர், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், இவை மட்டும் 2,02,000. கட்டில், மெத்தை, சோபா, சாப்பாட்டு மேஜை 1,25,000. பெயின்ட், பாத்ரூம் ரிப்பேர் 40,000. எண் போட்டால் திறக்கிற பூட்டு 14,000. போட்டோ எடுக்க ஒருவருக்கு 6,000. பாத்திரங்கள் 15,000. நான் யோசிக்கவே இல்லாதது துணிமணி. ஒரு கட்டிலுக்கு ஒரு பெட்ஷீட் வாங்கினால் போதாது. ஒன்று விரித்திருக்கும், ஒன்று லாண்டரியில் இருக்கும், ஒன்று அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். துண்டும் அப்படித்தான். எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டுமாம், சுத்தம் தெரிவதற்கு. அதில் மருதாணியும் சாம்பாரும்தான் தெரிந்தது. திரைச்சீலையோடு சேர்த்து அது 40,000.

அடுப்பு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது. அதற்கு 19 கிலோ சிலிண்டர் வேண்டும். நான் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துத் தப்பித்தேன். ஆனால் அது கரண்ட் பில்லில் வந்தது.

சரி, வருமானம். சராசரியாக மாதம் 13 நாள்தான் ஆள் வந்தார்கள். அதுவும் 2,800க்கு இறக்கிய பிறகு. 36,400 ரூபாய். அதில் முன்பதிவு தளத்தின் கமிஷன் 5,460. ஒரு குடும்பம் காலி செய்தால் சுத்தம் செய்ய 500, லாண்டரிக்கு 250. மாதம் ஆறு தடவை என்றால் 4,500. ஒரே நாள் தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் இந்த 750 மாறாது என்பதைக் கவனியுங்கள். கரண்ட் 2,900. இன்டர்நெட் 700. சோப்பு, டீத்தூள், தண்ணீர் கேன் 900. சாவி, லக்கேஜ், "கீசர் எப்படிப் போடுவது" போன்றவற்றைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு 2,000. வாடகைதாரர் இருந்தால் அவர் கட்டுகிற மெயின்டெனன்ஸ் 4,200, இப்போது என் தலையில். மொத்தம் 20,660. மிச்சம் 15,740. வாடகையைவிட 12,260 குறைவு. டிசம்பரில் மட்டும் 22 நாள் ஓடி 33,000 சொச்சம் நின்றது. அந்த ஒரு மாதத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் கட்டாமல் போன செலவுகளும் உண்டு. வீட்டு மின் இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதாக மின்வாரியம் முடிவு செய்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம். எப்போதிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் பத்து மாத மிச்சத்தில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்குத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது, அது நிம்மதி. வருமான வரியில் சாதாரண வாடகைக்குக் கிடைக்கிற 30 சதவீதக் கழிவு இதற்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், வியாபார வருமானமாக எடுக்கப்படலாம். ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடிவரவு அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். இதை மறப்பது சின்னத் தவறு இல்லை.

"மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் பதிவு செய்துவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் திட்டத்தில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்க வேண்டும். பூட்டிக்கிடக்கும் பிளாட் அதில் சேராது.

இனி என் நோட்டில் இல்லாத செலவு. ஒரு இரவு ஒன்றரை மணிக்கு, வந்தவர்கள் மாடி மாறிப் போய் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிற அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பூட்டு எண் வேலை செய்யவில்லை என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஐந்து ஆண்கள், கையில் பைகள். அந்த அம்மா விளக்கைப் போடாமல், கதவைத் திறக்காமல், அமெரிக்காவில் இருக்கிற மகனுக்கு போன் செய்தார். அவர் எனக்குச் செய்தார். நான் போவதற்குள் நம் செக்யூரிட்டி அண்ணன் மேலே போய்விட்டார். தப்பு செய்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா அதற்குப் பிறகு ஒரு மாதம் தங்கை வீட்டில் போய் இருந்தார். செக்யூரிட்டி அண்ணன் பத்து மாதமும் என் விருந்தாளிகளுக்கு வழி காட்டினார். அவர் சம்பளத்தை நாம் எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறோம். டேங்கர் தண்ணீரும் லிஃப்டும் அதே கதைதான்.

அதனால் என் யோசனை இது. மொத்தமாகத் தடை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர் இங்கேயே குடியிருந்தால், ஒரு அறையை விடட்டும். காலி பிளாட்டை முப்பது நாளுக்குக் குறைவாக விடக் கூடாது. யார் வந்தாலும் கேட்டில் அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வந்தால் வீட்டுக்காரர் தானே கேட்டுக்கு வந்து அழைத்துப் போக வேண்டும். கூடுதல் மெயின்டெனன்ஸ் எவ்வளவு என்பதைப் பொருளாளர் சொல்லட்டும். நான் எதிர்க்க மாட்டேன்.

என் பிளாட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. எல்லாச் சாமான்களோடும் சேர்த்து 32,000 வாடகை. நாலாயிரம் கூடுதல். போட்ட 4,42,000 இந்த வேகத்தில் திரும்ப ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். ஏசி அதுவரை இருக்குமா தெரியவில்லை. வெள்ளைத் துண்டுகள் பதினெட்டு மிச்சம் இருக்கின்றன. கார் துடைக்க வேண்டியவர்கள் பி பிளாக்கில் எங்கள் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளலாம். நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்களும் வரலாம்.