கடல் கடந்த சங்கு



ஆங்கில அகராதியில் 'சாங்க்' என்றொரு சொல் உண்டு. ஆங்கிலம் நன்கு கற்றவர்களிலும் பலர் அதை அறியார். அவர்களுக்குக் 'கொங்க்' போதும். ஆனால் நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ கடற்றொழில் செய்யும் ஒருவரிடம் அதைச் சொன்னால் பொருள் விளக்க வேண்டியதில்லை. நம்முடைய சங்குதான் அது.

சொல்லைக் கொண்டுபோனவர்கள் புலவர்களல்லர், வியாபாரிகள். தமிழ்ச் சகரம் இடத்துக்கிடம் வேறுபட்டு ஒலிப்பது. அதை வல்லொலியாகக் கேட்ட போர்த்துக்கேயர் 'சாங்கோ' என்றனர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூலில் அது வங்காளத்துக்குப் போகும் சரக்காகவே பேசப்படுகிறது. பாக்குநீரிணையிலும் மன்னார்க் கடலிலும் மூச்சடக்கிக் குளித்தெடுத்த சங்கு வங்கத்தில் அறுபட்டு வளையலாயிற்று. மணமான இந்துப் பெண்கள் அங்கே இன்றும் அதை அணிகிறார்கள். டாக்காவில் சங்கறுப்போரின் பெயரால் சாங்காரி பஜார் என்ற தெருவே இருக்கிறது.

பின்னர் ஆங்கிலேயருக்கும் வரிவிதிக்க, குத்தகைக்குவிட ஒரு பெயர் தேவைப்பட்டது. 'கொங்க்' என்றால் எத்தனையோ வகைச் சங்கு. காசாகும் இந்தச் சங்குக்குத் தனிப்பெயர் வேண்டாமா? 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் 'சாங்க்' இடம்பெற்றது. 1914இல் ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் அதுவே. கணக்கேட்டில் சங்கின் பெயர் ஏறிய அளவுக்குக் குளித்தவனின் பெயர் ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, அதன் முன்னோரைப் பார்ப்போம். வடமொழிச் 'சங்க'வும் கிரேக்கக் 'கொங்கே'யும் ஒரே மூலத்தவை என்பர் மொழியியலாளர் பலர். கொங்கே இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய்க் 'கொங்க்' ஆனது. அப்படியானால் கொங்க்கும் சாங்க்கும் தாயாதிகள். ஒன்று உரோமாபுரி வழியாகவும் மற்றது நமது கடல் வழியாகவும் போய் ஆங்கிலத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியேறியிருக்கின்றன. ஒன்றையொன்று அடையாளம் தெரியாமலே!

சங்கு தனித்தமிழே என்று வழக்காட வருவோர் இதனால் மனம் நோக வேண்டாம். நந்து, பணிலம், கோடு, வளை என்று நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் 'வளை' எனக்கு மிகவும் பிடித்தது. சங்கும் அதுவே, சங்கை அறுத்துச் செய்த கைவளையும் அதுவே. வங்கத்துப் பெண்ணின் கையில் இருப்பதை நம் பழம்புலவர் கண்டிருந்தால் வேறு சொல் தேடியிருக்கமாட்டார்.