ஜெனரேட்டரில் ஒயர் இழுக்குமுன் கம்பத்தைப் பாருங்கள்!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நமக்குப் புயல் பயம். புயல் வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பக்கத்துக் கட்டிடத்து ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுப்போம். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றக்கூட ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள் மக்கள்.

அண்டை வீட்டுக்கு வெளிச்சம் கொடுப்பது நல்ல காரியம். அதைத் தடுக்க நாம் வரவில்லை. எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

சிலர் என்ன செய்கிறார்கள்? ஒயரின் ஒரு முனையை ஜெனரேட்டரிலும், மறுமுனையைச் சுவர்ப் பிளக்கிலும் சொருகுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. ஆனால், மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியே தெருக் கம்பிக்கும் பாய்கிறது, டிரான்ஸ்பார்மருக்கும் போகிறது. 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230 வோல்ட்டாகத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்னாலிருந்து வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும்!

லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவன் யார்? மின்வாரியத் தொழிலாளி. பல இடங்களில் நிரந்தரமில்லாத ஒப்பந்தத் தொழிலாளி. நம்முடைய வர்க்கத்தான். நம் வீட்டு விளக்கு அவன் குடும்ப விளக்கை அணைக்கலாமா?

ஆகவே, நான்கு விஷயங்களைத் தெருத்தெருவாகச் சொல்லுங்கள்.

ஒன்று: வீட்டு ஒயரிங்கில் இணைப்பதானால் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது வாரிய லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றைத்தான் வீட்டோடு சேர்க்கும். லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டே அதை மாட்டுங்கள்.

இரண்டு: அது இல்லையென்றால் சுவர்ப் பிளக்கைத் தொடாதீர்கள். தனி ஒயரில் தனிப் பலகை கொண்டுவந்து, விளக்கையும் விசிறியையும் அதில் நேராகச் சொருகுங்கள்.

மூன்று: மெல்லிய ஒயரில் அதிகச் சுமை ஏற்றினால் சூடேறிக் கூரை பற்றும். ஓடும்போது வாங்குவதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை மோட்டார் கிளம்பும்போது வாங்கும். ஒயர் தண்ணீரில் கிடக்கலாகாது.

நான்கு: ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைக்காதீர்கள். ஜன்னலுக்குத் தொலைவில் வெட்டவெளியில் வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, நெடியில்லை. தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான்.

நாம் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. குடிநீர்த் தொட்டிக்குச் சர்க்கார் செலவில் ஜெனரேட்டர் வேண்டும். லைனில் ஏறுபவனுக்குக் கையுறையும் எர்த் ராடும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். இவை அவனுடைய கோரிக்கைகள் மட்டுமல்ல, நம்முடைய கோரிக்கைகள். ஆலையிலும் வயலிலும் இதை எடுத்துச் சொல்வோம். ஒன்றுபட்டு நின்று பெறுவோம்!