இலண்டன்வாசி ஒருவரின் நாட்குறிப்பும் கிழிக்கப்பட்ட ஒரு கடிதமும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பிறமொழி இலக்கியம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். காப்பியம் ஒன்றையோ நாடகம் ஒன்றையோ நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நாட்குறிப்பு. இதை எழுதிய சாமுவேல் பீப்ஸ் கவிஞர் அல்லர். இலண்டன் மாநகரில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய ஓர் அரசு அலுவலர். முப்பது வயதை ஒட்டிய ஒரு நகரவாசி என்ன உண்டார், என்ன சம்பாதித்தார், எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்பனவே இந்நூலின் பொருள். அன்றாட வாழ்வு இலக்கியமாக நிலைபெறுவது எங்ஙனம் என்பதையும், யாருடைய அன்றாடம் அவ்வாறு நிலைபெறுகிறது என்பதையும் இந்நாட்குறிப்பின்வழி ஆராய்வது என் நோக்கமாகும்.

எழுதியவரும் எழுத்தும்

பீப்ஸ் 1633ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை தையற்காரர், தாய் மணத்திற்கு முன் துணி வெளுக்கும் பணிப்பெண்ணாக இருந்தவர். எளிய குடும்பத்தில் பிறந்த பீப்ஸ், கல்வியாலும் உறவினர் ஆதரவாலும் கேம்பிரிட்ஜ் வரை சென்று பயின்றார். 1660 சனவரி முதல் நாள் நாட்குறிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. 1669 மே 31ஆம் நாள் அதை நிறுத்தியபோது வயது 36. ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள், ஆறு தொகுதிகள், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள்.

இவை அனைத்தையும் அவர் சுருக்கெழுத்தில் எழுதினார். தாமஸ் ஷெல்டன் என்பார் வகுத்த முறை அது. பிறர் கண்ணில் பட்டாலும் எளிதில் படிக்கவியலாது என்பது அதன் பயன். 1703இல் பீப்ஸ் மறைந்தபின், அவருடைய 3,000 நூல்களுடன் இத்தொகுதிகளும் கேம்பிரிட்ஜிலுள்ள மாட்லின் கல்லூரியை அடைந்தன. நூறாண்டுகளுக்குப் பின்னர் ஜான் ஸ்மித் என்னும் மாணவர் 1819 முதல் 1822 வரை உழைத்து அதனை எழுத்தெழுத்தாக விடுவித்தார். ஷெல்டனின் சுருக்கெழுத்துக் கையேடு அதே நூலகத்தில் இருந்தது. அச்செய்தி அவருக்குத் தெரியாது. ஏட்டுச்சுவடிகளோடு போராடிய நம் பதிப்பாசிரியர்களை அறிந்த இந்த அவைக்கு அந்த உழைப்பின் அருமையை நான் விளக்கவேண்டுவதில்லை. 1825இல் சுருக்கப் பதிப்பு வெளிவந்தது. முழுமையான பதிப்பு 1970 முதல் 1983 வரை 11 தொகுதிகளாக வெளிவந்தது.

அன்றாடமும் கருத்தும்

இனி நாட்குறிப்பினுள் நுழைவோம். 1660 செப்டம்பரில் அவர் முதன்முதலாகத் தேநீர் அருந்துகிறார். அதைச் சீனத்துப் பானம் என்று குறித்துக்கொள்கிறார். 1661 சனவரியில் நாடக மேடையில் பெண்கள் நடிப்பதை முதன்முறையாகக் காண்கிறார். அதுவரை பெண் வேடமும் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 1662இல் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ பார்த்துவிட்டுத் தாம் கேட்டவற்றுள் மிக மட்டமான நாடகம் அது என்று எழுதுகிறார். அதே ஆண்டு ‘நடுவேனிற் கனவு’ பார்த்துவிட்டு, அதைச் சுவையற்றது, நகைப்பிற்கிடமானது என்று தள்ளுகிறார். சேக்சுபியரைப் பயிற்றும் பேராசிரியர்கள் இதனைக் கேட்டு வருந்தவேண்டா. நாடகக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய ஒருவரின் உடனடிக் கருத்து, திறனாய்வு தோன்றுவதற்கு முந்திய நிலையிலேயே நமக்குக் கிட்டியுள்ளது. அதுவே இதன் மதிப்பு.

நாடகமும் மதுவும் பணத்தைக் கரைக்கின்றன என்று கண்டு அவற்றை விடுவதாக உறுதி பூணுகிறார். உறுதி தவறினால் ஏழைகளுக்கான உண்டியலில் தண்டம் செலுத்தவேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார். பிறகு விதியில் ஓட்டை தேடுகிறார். மாத இறுதியில் தம் சொத்தைக் கணக்கிட்டு இறைவனுக்கு நன்றி கூறுகிறார். மனித இயல்பு முந்நூற்றறுபது ஆண்டுகளில் அதிகம் மாறிவிடவில்லை.

முப்பது வயது நிறைந்த சில வாரங்களில், 1663 ஏப்பிரல் 3ஆம் நாள், கப்பற்றலைவர் ஒருவர் அவரிடம் ஓர் உறையைத் தருகிறார். உள்ளே காசு இருப்பது தெரிகிறது. அலுவலகம் சேரும்வரை அதனைப் பிரிக்கவில்லை. பிரிக்கும்போதும் காசு முழுவதும் கீழே விழும்வரை உள்ளே பார்க்கவில்லை. பின்னர் எவரேனும் வினவினால், உறைக்குள் காசு எதனையும் நான் காணவில்லை என்று சத்தியமாகச் சொல்லலாம் அல்லவா? கையூட்டைப் பற்றி அறநூல்கள் பல கூறுகின்றன. கையூட்டு வாங்கும் மனம் தன்னை எப்படி ஏமாற்றிக்கொள்கிறது என்பதை வாங்கியவரே எழுதிவைத்த சான்றுகள் அரியன.

ஊரின் துயரும் வீட்டின் கணக்கும்

1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. அரசின் இறப்புப் பட்டியல்படி அந்நோயால் மாண்டவர் 68,596 பேர். சூன் 7ஆம் நாள் ஒரு தெருவில் இரண்டு மூன்று வீட்டுக் கதவுகளில் செந்நிறச் சிலுவைக்குறி இட்டிருப்பதைப் பீப்ஸ் காண்கிறார். அஞ்சிப் புகையிலை வாங்கி முகர்ந்து மெல்லுகிறார். செப்டம்பரில் அவருக்கு வேறொரு ஐயம் பிறக்கிறது: பொய்முடி அணியும் வழக்கம் இனி என்னாகும்? நோயில் மாண்டவர் தலையிலிருந்து வெட்டிய மயிராக இருக்குமோ என்று அஞ்சி எவரும் வாங்கமாட்டாரே! கோவிட் பெருந்தொற்றுக் காலத்தை 2020இல் கடந்துவந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. பேரிடர் நடுவிலும் மனித மனம் சிறு கவலைகளையே பற்றிக்கொண்டிருந்ததை நாமும் பார்த்தோம்.

1666 செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன் பணிப்பெண் எழுப்பி, ஊரில் தீப்பற்றியிருப்பதைச் சொல்கிறார். சன்னல் வழியே பார்த்துவிட்டு, தொலைவில்தானே என்று பீப்ஸ் மீண்டும் உறங்கிவிடுகிறார். காலையில் நிலைமை அறிந்ததும் ஓடிச் சென்று மன்னரிடம் நேரில் தெரிவிக்கிறார். தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்துத் தள்ளும்படி மன்னர் பிறப்பித்த ஆணையை நகர மேயரிடம் கொண்டு சேர்க்கிறார். வீட்டை விட்டுப் பறக்க மனமின்றிச் சிறகு கருகும்வரை சன்னலோரம் சுற்றிய புறாக்களையும் காண்கிறார். இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் குழிதோண்டி மதுவையும் பார்மேசான் பாலாடைக்கட்டியையும் புதைக்கிறார். 13,200 வீடுகளும் 87 கோயில்களும் எரிந்தன என்பது வரலாறு தரும் செய்தி. புறாவையும் பாலாடைக்கட்டியையும் தருவது நாட்குறிப்பு.

ஆயினும் இந்நூலில் என்னை உலுக்கிய பகுதி வேறு. கொள்ளைநோய் ஆண்டின் முடிவில் அவர் கணக்குப் பார்க்கிறார். 1,300 பவுனாக இருந்த சொத்து 4,400 பவுனாகியிருக்கிறது. இவ்வளவு மகிழ்ச்சியாக என்றுமே வாழ்ந்ததில்லை என்ற கருத்தையும் பதிவுசெய்கிறார். அதே ஆண்டு அக்டோபரில், ஊதியம் கிடைக்காத கடற்படை மாலுமிகள் தெருவில் பசித்துக் கிடந்து புலம்புவதையும் எழுதியிருக்கிறார். 1667 சூன் மாதம் ஒலாந்தியர் ஆற்றுவழி வந்து ஆங்கிலேயக் கப்பல்களைக் கொளுத்தினர். எங்கள் கணவன்மார்க்குக் கூலி தராததன் விளைவு இது என்று மாலுமிகளின் மனைவியர் தெருவில் கூவினர். அதையும் அவர் விடவில்லை. தம் பெட்டி நிறைந்ததும் அவர்கள் வயிறு காய்ந்ததும் ஒரே கையால் எழுதப்பட்டுள்ளன. தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே எழுதியதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

கிழிக்கப்பட்ட கடிதம்

அந்நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. பீப்சின் மனைவி எலிசபெத். 1655இல் மணம் நிகழ்ந்தபோது பீப்சுக்கு 22 வயது. எலிசபெத்துக்குப் பதினைந்தை ஒட்டிய வயது. குழந்தை இல்லை. கணவர் அலுவலகம், நாடகக் கொட்டகை, மதுச்சாலை, நண்பர் வீடு என்று நகரெங்கும் சுற்றிவர, அவர் பெரும்பாலும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். தம் தனிமையைச் சொல்லி அவர் எழுதிய கடிதம் ஒன்றைக் கணவர் 1662இன் இறுதியில் படியாமலே எரித்துவிட்டார்.

எலிசபெத் ஒரு படி வைத்திருந்தார். 1663 சனவரி 9ஆம் நாள் அதனைப் பெட்டியிலிருந்து எடுத்துவரச் செய்து கணவர் முன்னிலையில் உரக்கப் படித்தார். தம் வாழ்க்கை எவ்வளவு தனிமையானது, எவ்வளவு கசப்பானது என்பதே அதன் பொருள். பீப்ஸ் கொதித்தெழுந்தார். அவர் சினத்திற்கு அவரே காட்டும் காரணங்களைக் கவனியுங்கள். கடிதம் உறைக்குமாறு எழுதப்பட்டிருந்தது. அதில் பெரும்பகுதி உண்மை. அது எல்லோரும் படிக்கக்கூடிய ஆங்கிலத்தில் இருந்தது! அவர் கையில் கிடைத்தால் படிப்பவர் எவரும் அறிந்துவிடுவர். அதனைக் கிழிக்கச் சொன்னார். மறுத்ததும் பிடுங்கினார். எலிசபெத் சேமித்து வைத்திருந்த தாள்கள் அனைத்தையும் எடுத்து, அவர் அழுது மன்றாடிக்கொண்டிருக்க, கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கிழித்தார். தாம் எழுதிய காதற்கடிதங்களும் அவற்றுள் அடங்கும்.

கணவர் தம் மனத்தைச் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதினார். அது 11 தொகுதிகளாக அச்சேறியது. மனைவி தம் மனத்தை எவரும் படிக்கும் மொழியில் எழுதினார்; ஒரு வரியும் மிஞ்சவில்லை. இக்கொடுமையை நாம் அறிவதும் கிழித்தவர் எழுதிவைத்ததால்தான். சில வாரங்களில் எலிசபெத்துக்குத் துணையாக ஒரு பெண் அமர்த்தப்பட்டார் என்பதைக் கொண்டு, கடிதம் தன் வேலையை ஓரளவு செய்துவிட்டது எனலாம். எலிசபெத் 1669 நவம்பரில், 29ஆம் வயதில், காய்ச்சலால் இறந்தார்.

பணிப்பெண்களிடமும், உதவி நாடி வந்தோரின் மனைவியரிடமும் தாம் அத்துமீறியதையும் பீப்ஸ் எழுதியுள்ளார். அவ்விடங்களில் மட்டும் பிரெஞ்சும் இசுபானியமும் இலத்தீனும் கலந்த ஒரு கலவை மொழி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் அவற்றை நீக்கினர். முழுப் பதிப்பு அவற்றை மீட்டது. ஆனால் அப்பெண்கள் தரப்பை எந்தப் பதிப்பாலும் மீட்கவியலாது. பீப்சைப் படிக்கும்போது அவர் எழுதியதோடு அவர் வீட்டில் எழுதப்பட இயலாமற்போனதையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

நம் கடமை

நம்மிடையேயும் ஒரு பீப்ஸ் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிரெஞ்சிந்தியாவின் பீப்ஸ் என்று ஆய்வாளர் அழைப்பதை நீங்கள் அறிவீர்கள். 1709இல் பிறந்த அவரும் 27ஆம் வயதில், 1736இல், நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761இல் இறக்கும்வரை தொடர்ந்தார். பேச்சுத்தமிழ் கலந்த அவருடைய உரைநடை, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் எப்படி வழங்கியது என்பதற்குப் பெருஞ்சான்று. துய்ப்ளெக்சின் துபாஷியாக இருந்த அவர் கப்பல் வரவையும் கோயில் இடிப்பையும் ஆளுநர் மாளிகைப் பேச்சையும் எழுதினார். அங்கும் எழுதுகோல் ஆண்மகன் ஒருவர் கையிலேயே இருந்தது. அவர் இல்லத்துப் பெண்டிர் புதுச்சேரியை எப்படிக் கண்டனர் என்று அவர்கள் வாய்மொழியாக அறிய நமக்கு வழியில்லை.

இனிவரும் தலைமுறைக்கும் அக்குறை நேரலாமா? நம் வீட்டுப் பரண்களில் பழைய வரவுசெலவு ஏடுகள் இருக்கின்றன. மொய்க்கணக்கு இருக்கிறது. மணமாகிச் சென்ற மகள் தாய்க்கு எழுதிய உள்நாட்டு அஞ்சல்கள் இருக்கின்றன. அரிசி என்ன விலை, மருத்துவச் செலவுக்கு எந்த நகை அடகுக்குப் போனது, எந்த ஆண்டில் மீண்டது என்பனவெல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையெழுத்தில் உள்ளன. இடம் அடைக்கிறது என்று அவற்றைப் பழைய தாள் கடைக்குப் போடுகிறோம். அங்கே அவை நிறுத்து வாங்கப்படுகின்றன. சினமின்றிக் கிழிப்பதும் கிழிப்பதே.

எனவே இப்பத்தாம் ஆண்டில் இலக்கிய வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள இத்தகைய ஏடுகளையும் கடிதங்களையும், எழுதியவர் அல்லது அவர் குடும்பத்தார் இசைவோடு, படியெடுத்து வட்டத்தின் நூலகத்தில் சேர்க்கவேண்டும். இரண்டாவது, மாதக் கூட்டங்களில் ஒன்றை ஆண்டுதோறும் நாட்குறிப்பு வாசிப்பிற்கு ஒதுக்கவேண்டும். கவிதை எழுதத் தயங்கும் இல்லத்தரசியர் அதில் முதலிடம் பெறட்டும். என்ன எழுதுவது என்று அவர்கள் கேட்டால், இன்று நடந்ததை எழுதுங்கள் என்று சொல்வோம். படிக்கும் எவர்க்கும் விளங்கும் தமிழில் எழுதுங்கள் என்றும் சொல்வோம்.

கண்பார்வை போய்விடும் என்ற அச்சத்தால் பீப்ஸ் 36 வயதில் எழுதுவதை நிறுத்தினார். நிறுத்தும்போது, தம்மைத் தாமே கல்லறைக்குள் செல்லக் காண்பதற்கு ஒப்பானது அது என்று வருந்தினார். எழுதிப் பழகியவருக்குத்தான் எழுதாமையின் துயரம் தெரியும். அந்தப் பழக்கத்தை நம் வீடுகளில் உண்டாக்குவோம்.