மான்செஸ்டர் மண்டபம் யாருடைய சொத்து?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்வார்கள். பஞ்சும் நூலும் மில் சங்கொலியும் இருப்பதால் வந்த பெயர் அது. ஆனால் அசல் மான்செஸ்டரில், இங்கிலாந்து தேசத்துப் பஞ்சாலை நகரத்தில், நம்மைப் போன்றவர்கள் என்ன பாடுபட்டார்கள், என்ன சாதித்தார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நகரத்திலுள்ள ஒரே ஒரு மண்டபத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு அதைச் சொல்லப் பார்க்கிறோம்.

மண்டபத்தின் பெயர் பிரீ டிரேட் ஹால். தடையில்லா வியாபார மண்டபம் என்று அதற்குப் பொருள். சங்கீதக் கச்சேரிக்கும் பொதுக்கூட்டத்திற்கும் பெயர் போன இடம். 1920 முதல் 1997 வரை அது நகரசபையின் சொத்து, அதாவது நகரத்து ஜனங்களின் சொத்து. இன்று அந்த இடத்தில் இருப்பது ஹோட்டல். பொதுச் சொத்து எப்படி வந்தது, எப்படிக் கைமாறிப் போயிற்று என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் மண்டபம் எழுந்த மண்ணைப் பார்ப்போம். அந்த இடத்துக்கு செயின்ட் பீட்டர் திடல் என்று பெயர். 1819 ஆகஸ்டு 16-ந் தேதி அங்கே சுமார் 60,000 பேர் கூடினார்கள். கைத்தறி நெசவாளர்கள், நூற்பாலைத் தொழிலாளர்கள், சுற்றுவட்டக் கிராமத்து ஏழைகள். மனைவி மக்களோடு, உள்ளதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, ஆயுதம் இல்லாமல் அணிவகுத்து வந்தார்கள். ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அத்தனை பெரிய மான்செஸ்டருக்கு அன்று பார்லிமெண்டில் ஒரு பிரதிநிதி கூட இல்லை! 1815-ல் கொண்டுவந்த தானியச் சட்டத்தால் வெளிநாட்டுத் தானியம் உள்ளே வரத் தடை, ரொட்டி விலை ஏற்றம், லாபமோ நிலப்பிரபுக்களுக்கு.

ஹென்றி ஹண்ட் என்ற பேச்சாளர் பேசத் தொடங்கியதும் அவரைக் கைது செய்ய மாஜிஸ்டிரேட்டுகள் உத்தரவிட்டார்கள். உருவிய வாளோடு குதிரைப்படை கூட்டத்தில் பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டார்கள். 600 பேருக்கு மேல் காயம். மாண்டவர்களில் பெண்கள் உண்டு; தாயின் கையிலிருந்த இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றதாகப் பெருமை பேசிய ராணுவம் இது. அதைக் குத்திக் காட்டி ஜனங்கள் இந்தப் படுகொலைக்குப் 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களுக்கு என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. பேச வந்த ஹண்டுக்குத்தான் இரண்டரை வருஷச் சிறை!

அந்தத் திடலில்தான் பிறகு மண்டபம் எழுந்தது. எழுப்பியவர்கள் தொழிலாளர்கள் அல்ல, ஆலை முதலாளிகள். தானியச் சட்டத்தை எதிர்த்து 1838-ல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் காப்டன் தமது நிலத்தைக் கொடுத்தார். 1840-ல் மரத்தால் ஒரு கொட்டகை போட்டார்கள். 1843-ல் செங்கல் கட்டிடம் வந்தது. 1853 முதல் 1856 வரை எட்வர்ட் வால்டர்ஸ் என்ற சிற்பி கல்லால் பெரிய மண்டபம் கட்டி முடித்தார். தானியச் சட்டம் அதற்கு முன்பே, 1846-ல், ரத்தாகியிருந்தது. அந்த வெற்றியின் நினைவாகத்தான் மண்டபத்துக்கு அந்தப் பெயர்.

ரொட்டி விலை குறைவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் முதலாளிகளின் கணக்கு வேறு. ரொட்டி மலிந்தால் கூலியையும் தாழ்த்தி வைக்கலாம் அல்லவா? தடையில்லா வியாபாரம் என்பது யாருடைய சுதந்திரம் என்று கேட்டு, அது மூலதனத்தின் சுதந்திரமே என்று 1848 ஜனவரியில் மார்க்ஸ் பிரஸ்ஸல்ஸ் நகரில் விளக்கிப் பேசினார். நம் நாடு அதை அனுபவத்தில் கண்டது. லங்காஷயர் துணி இங்கே தாராளமாக வந்து இறங்கியது. நம் கைத்தறி நெசவாளர் வாழ்வு சிதைந்தது. இந்திய மில்கள் தலையெடுத்த காலத்தில், அதே லங்காஷயர் முதலாளிகளின் நிர்ப்பந்தத்தால், 1896-ல் இந்திய மில் துணி மீது மூன்றரை சதவீத வரி போட்டார்கள். இதுதான் அவர்களுடைய தடையில்லா வியாபாரம்!

ஆனால் தோழர்களே, மண்டபத்தைக் கட்டியவர்கள் ஒருவர். அதன் பெயரை நிலைநாட்டியவர்கள் வேறொருவர்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி விளைவித்த தென் மாநிலங்கள் ஒரு பக்கம். லிங்கனின் வடக்கு மறு பக்கம். வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்தது. லங்காஷயருக்குப் பஞ்சு வரவில்லை. ஆலைகள் மூடின. 1862 முடிவில் உதவிப் பணத்தை நம்பி வாழ்ந்தவர் தொகை 5 லட்சத்தை நெருங்கியது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அடகுக்கடைக்குப் போயிற்று. தெற்கு மாநிலங்களை அங்கீகரித்தால் பஞ்சு வரும், வேலை வரும் என்று முதலாளிகளிலும் பத்திரிகைகளிலும் பலர் உபதேசித்தார்கள்.

1862 டிசம்பர் 31-ந் தேதி தொழிலாளர்கள் பிரீ டிரேட் ஹாலில் கூடினார்கள். என்ன தீர்மானித்தார்கள்? அடிமைத்தனத்தை ஒழிக்கும் போரை ஆதரித்து லிங்கனுக்கு ஒரு மகஜர் அனுப்பினார்கள்! அடிமையின் முதுகில் விளைந்த பஞ்சு எங்கள் பசியைத் தீர்க்க வேண்டாம் என்பதே அதன் சாரம். மறுநாள், 1863 ஜனவரி 1-ந் தேதி, லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது. ஜனவரி 19-ந் தேதியிட்டு மான்செஸ்டர் தொழிலாளர்களுக்கு அவர் நன்றி தெரிவித்து எழுதினார். லங்காஷயர் முழுவதும் ஒரே குரல் என்று நாம் சொல்லமாட்டோம். பசியால் மனம் தளர்ந்தவர்கள் உண்டு; தெற்கை ஆதரித்த ஊர்களும் உண்டு; உதவி போதாமல் கலவரமும் நடந்தது. அத்தனைக்கும் நடுவில் அந்தக் கூட்டம் கூடியது என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. பார்த்தே இராத, வேறு நிறத்து அடிமைத் தொழிலாளிக்காகப் பட்டினியைத் தாங்கிக் கை தூக்கினார்கள்.

1905 அக்டோபர் 13-ந் தேதி அதே மண்டபத்தில் லிபரல் கட்சியின் கூட்டம். பெண்களுக்கு ஓட்டுரிமை தருவீர்களா என்று எழுந்து கேட்டார்கள் இருவர். ஒருவர் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்ட். மற்றவர் ஆனி கென்னி. பத்து வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர் கென்னி. மேடையில் இருந்த கனவான்கள் பதில் சொல்லவில்லை. இருவரையும் வெளியே தள்ளினார்கள். அபராதம் கட்ட மறுத்து இருவரும் சிறை சென்றார்கள். பெண்கள் ஓட்டுரிமைப் போர் அன்றிலிருந்து சூடு பிடித்தது.

சங்கீதமும் இங்கே வளர்ந்தது. சார்லஸ் ஹாலே என்ற வாத்தியக் கலைஞர் 1858 ஜனவரி 30-ந் தேதி இந்த மண்டபத்தில் தம் வாத்தியக் குழுவின் முதல் கச்சேரியை நடத்தினார். அவர் பெயர் தாங்கிய குழு இன்றும் இயங்குகிறது.

1920-ல் நகரசபை மண்டபத்தை விலைக்கு வாங்கியது. 1940 டிசம்பரில் ஹிட்லரின் விமானங்கள் குண்டு போட்டன. வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. போருக்குப் பிறகு வீட்டுக்கும் பள்ளிக்கும் செங்கல் தேவைப்பட்ட காலத்திலும் நகரசபை மண்டபத்தைக் கைவிடவில்லை. தன் சொந்தச் சிற்பியான ஹோவிட்டைக் கொண்டு பழைய முகப்புக்குப் பின்னால் புது மண்டபம் எழுப்பியது. 1951 நவம்பரில் திறப்பு விழாவில் பாடியவர் கேத்லீன் ஃபெரியர். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து, பின்னர் உலகம் புகழும் பாடகியானவர். 1966-ல் பாப் டிலன் பாடியதும் இங்கேதான். மக்கள் பணம், மக்கள் மண்டபம், மக்கள் பாட்டு.

பிறகு என்ன நடந்தது? 1996-ல் நகரத்தில் பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்ற புதுக் கச்சேரி மண்டபம் திறக்கப்பட்டது. ஹாலே குழு அங்கே குடிபோயிற்று. சங்கீதத்தைத் தெருவில் விட்டுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய மண்டபத்தை 1997-ல் நகரசபை தனியார் கம்பெனிக்கு விற்றது. இந்த நகரசபை டோரிகளுடையது அல்ல. தொழிற் கட்சியின் கையில் இருந்தது! சரித்திர இடத்தை விற்காதே என்று ஊரார் குரல் கொடுத்தார்கள். முதல் கட்டிடத் திட்டத்தை மந்திரி நிராகரித்தார். திட்டத்தை மாற்றி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டார்கள். 1951-ன் மண்டபத்தை இடித்துவிட்டு, முகப்பை மட்டும் நிறுத்தி, 4 கோடியே 50 லட்சம் பவுன் செலவில் 263 அறைகள் கொண்ட ஹோட்டல் கட்டினார்கள். 2004-ல் அது திறக்கப்பட்டது. முகம் பழையது, உள்ளே இருப்பது பணப்பெட்டி.

பீட்டர்லூவில் மாண்டவர்களுக்கு அங்கே என்ன நினைவு இருந்தது? சுவரில் ஒரு நீலப் பலகை. கூட்டத்தை ராணுவம் 'கலைத்தது' என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. வாளும் இல்லை, சாவும் இல்லை! இதை எதிர்த்து மக்கள் இயக்கம் நடத்தினார்கள். 2007-ல் சிவப்புப் பலகை வந்தது. அமைதியாகக் கூடியவர்களை ஆயுதம் தாங்கிய குதிரைப்படை தாக்கியது, 15 பேர் மாண்டார்கள் என்று அதில் உள்ளது. 2019-ல், இருநூறாவது ஆண்டில், அருகிலேயே ஒரு நினைவுச் சின்னமும் எழுந்தது. போராடியதால் உண்மை சுவரில் ஏறியது. மண்டபம் மட்டும் திரும்பி வரவில்லை.

நமக்கு இதில் என்ன பாடம்? ராஜாவின் வாளும் ஹிட்லரின் குண்டும் முடிக்காத காரியத்தை ஒரு விற்பனைப் பத்திரம் முடித்துவிட்டது. பொதுச் சொத்து சர்க்கார் பெயரில் எழுதியிருந்தால் மட்டும் பொதுச் சொத்தாக நிலைத்துவிடாது. நாம் அதைப் புழங்க வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும், காவல் காக்க வேண்டும்.

நகரத்துத் தோழர்களே! உங்கள் ஊர் நகரசபை மண்டபம், நூலகம், விளையாட்டுத் திடல் இவற்றின் வாடகை எவ்வளவு, யாருக்குக் குத்தகை என்று விசாரியுங்கள். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் எட்டாத வாடகை போட்டால் அது விற்பனைக்கு முதல் படி என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்துத் தோழர்களே! மந்தைவெளியும் பொதுக்களமும் சமுதாயக் கூடமும் யார் வேலிக்குள் போகின்றன என்று பாருங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்.

கூடிப் பேச இடம் இல்லாத தொழிலாளிக்குக் கோரிக்கை எழுப்பவும் இடம் இல்லை. அந்த இடத்தை விட்டுக் கொடுக்கமாட்டோம்!