எலும்பும் பாட்டும் யாருக்கு உரியவை?

(அடம்பனில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெல்லுக்கு உரியவன் யார் என்று கேட்டால், இவ்வூரில் சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆனால் ஓர் இனத்தாரின் பாட்டுக்கும், சடங்குக்கும், அவர்தம் முன்னோரின் எலும்புக்கும் உரியவர் யார் என்று கேட்டால் கற்றோரும் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தின் பயனை நெடுங்காலமாகப் பிறரே அனுபவித்து வந்திருக்கின்றனர்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ அவர்களிடம் ஒப்படைத்தது. அவை இந்நாட்டு வேடருடையவை. ஒன்பது பேரின் தலைகள் கடல் கடந்து, ஒரு நூதனசாலையில் காட்சிப் பொருள்போல் இருந்தன! கொண்டுபோனோர் எவருடைய இசைவையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் செய்கை மட்டுமன்று. அக்காலத்து அறிவுலகத்தின் வழக்கமே அது. பேர்லின் நகரத்துப் பேரறிஞர் விர்ஹோ என்பார் 1881இல் இலங்கை வேடரைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதினார். அவர் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர்; மண்டையோட்டை அளந்தே ஒரு மக்களை அறிந்துவிட்டதாக நம்பினார். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த சரசின் உறவினர் இருவர், வேடரின் எலும்புக்கூடுகளைச் சேகரித்துப் பாசல் நகருக்குக் கொண்டு சென்றனர். அவர்களுக்குப் பின் வந்த செலிக்மன் தம்பதியர் வேடரோடு பழகி, அவர்தம் உறவுமுறையையும் சடங்கையும் விசாரித்து, 1911இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். முன்னவர்களினும் இவர்கள் மேலானவர்கள் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அந்நூல் எழுதப்பட்டது கேம்பிரிட்ஜ் வாசகருக்காக. தம்பானை வாசகருக்காக அன்று.

எலும்பைப் பற்றி நான் மன்னார் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018இல் மன்னார் நகரின் சதொச வளவில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோதும், அவற்றின் மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு 2019இல் காலக்கணிப்பு வந்தபோதும், இம்மாவட்டத்துத் தாய்மார் பட்ட பதைப்பை நாம் அறிவோம். அந்தப் பதைப்பு வேடருக்கும் உண்டு.

பழியை எல்லாம் வெள்ளைக்காரன் தலையில் சுமத்திவிட்டு வீடு செல்வது எளிது. நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். வாகரையிலும் மூதூர்ப் பகுதியிலும் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். அவர்களை நாம் எவ்வாறு நடத்தினோம்? வேடர் மகள் வள்ளியைக் கும்பிடுகிறோம். வேடரான கண்ணப்பரை நாயன்மாராக வைத்துப் பூசிக்கிறோம். ஆனால் உயிரோடு நம் எதிரில் நிற்கும் வேடனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். குடிசன மதிப்பில் 1911இல் ஐயாயிரத்துக்கு மேலாக இருந்த வேடர் தொகை 1963இல் சில நூறாகச் சுருங்கியது. அத்தனை பேரும் மாண்டா போனார்கள்? இல்லை. அவர்களிற் பலர் சிங்களவர் என்றோ தமிழர் என்றோ ஏட்டில் எழுதப்பட்டனர். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கி, அவர்கள் வேட்டையாடிய காட்டை அரசாங்கம் வேலியிட்டது. பேரும் போயிற்று, காடும் போயிற்று.

இப்பொழுது இன்னொரு வழக்கம் தோன்றியுள்ளது. இத்தீவில் முன்வந்தவர் யார் என்ற வழக்கு எழும்போதெல்லாம், சிங்களத் தரப்பு வேடரைத் தன் சாட்சியாகக் கூப்பிடுகிறது. தமிழ்த் தரப்பும் தன் சாட்சியாகக் கூப்பிடுகிறது. வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: கூண்டில் ஏற்றிய சாட்சியைப் பேசவிடாமல், அவனுக்காக இரு தரப்புச் சட்டத்தரணிகளும் தாமே பேசும் விசித்திர நீதிமன்றத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பூர்வீகக் குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. இலங்கையும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. முன்னோரின் எச்சங்களைத் திரும்பப் பெறும் உரிமையை அதன் 12ஆம் உறுப்புரையும், தம் பண்பாட்டுச் செல்வத்தைத் தாமே ஆளும் உரிமையை 31ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. பிரகடனம் நீதிமன்றத்தில் வழக்காடப் போதாது. ஆயினும் கையுயர்த்திய அரசாங்கத்தை அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

நாட்டுச் சட்டமும் ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. அச்சிடுவோர் அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் வணிகத்துக்காக எடுத்தாள இசைவு தரும் அதிகாரம் யாரிடம்? அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடம்! பாட்டு வேடனுடையது, இசைவு கொழும்பினுடையது. இதனை மாற்றக் கோருவது அரசியற் பணி. நாம் செய்யவேண்டிய பணி.

இது வேடர் பிரச்சினை மட்டும்தானா? மாதோட்டத்து அண்ணாவிமார் வீட்டுப் பெட்டிகளில் வாசாப்புக் கொப்பிகள் இன்றும் உள்ளன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார். எடுத்தது எவ்வூர் என்று சொல்லிப் பதிப்பித்த அந்த முறைமை வேண்டும். இன்று கைப்பேசியோடு வருகிறவர் ஓரிரவு ஒலிப்பதிவு செய்து போகிறார். பாடிய முதியவர் பெயர் எங்கும் வருவதில்லை. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வராவிட்டால் இப்பாட்டுகளிற் பாதி இந்தத் தலைமுறையோடு அழியும். வருகிறவர் கேட்டுவிட்டு எடுக்கட்டும். எடுத்ததில் ஒரு பிரதியை இவ்வூருக்குத் தரட்டும். பாடியவர் வெளியிடக்கூடாது என்ற பகுதியை வெளியிடாதிருக்கட்டும். நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்று வாகரை வேடரிடம் ஆராய்ச்சிக்குப் போகும்போது, அவர்களும் இதே விதிக்குக் கட்டுப்படட்டும். நமக்குக் கேட்கும் உரிமையை அவர்களுக்கு மறுத்தால், நம் கோரிக்கையை எந்த நீதிபதியும் காதில் வாங்கமாட்டார்.

இதற்கென ஒரு பக்க உடன்படிக்கைப் படிவம் எழுதி வந்திருக்கிறேன். தலைவர் அவர்களிடம் தருகிறேன். அண்ணாவிமார் கூடி வாசித்துப் பார்த்து, உதவாத வாசகங்களை வெட்டி, விடுபட்டவற்றைச் சேர்த்துத் தாருங்கள். அதன் பின் வாகரைக்கும் ஒரு பிரதி அனுப்பி, அவர்கள் வெட்டுவதையும் கேட்போம்.